‘வர்றேன்’ என்றால் என்னவென்று கேட்டவருக்கு

நேற்று கராஜைக் காலி செய்துகொண்டிருந்தேன். மகள் நித்யா குழந்தையாக இருந்தபோது வாங்கிய மரக்கட்டிலை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி சுமதி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டிலை இழுத்தேன். அதற்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்த உங்கள் தேர்தல் பலகை சரிந்து என் காலடியில் விழுந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வெள்ளையில் நீல எழுத்தாக உங்கள் பெயர், அதற்குக் கீழே உங்கள் ஒரே வாக்குறுதி: உங்களைச் சும்மா விடுவேன்.

“அப்பா, ஹூ இஸ் திஸ்? கேன் வி த்ரோ இட்?” என்றாள் நித்யா.

“வேண்டாம் கண்ணு, அங்கயே வெச்சுரு” என்றேன்.

அங்கேயே என்றால் மறுபடியும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி. அவளும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. நீங்கள் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்து, இதை இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தால் எழுதியிருப்பேனா என்றால், மாட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாம் முதலில் சந்தித்தபோது உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பம்ப் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்து நின்றீர்கள். நாங்கள் குடியிருக்கும் கேட்டி நகரத்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் வரும் நெல் வயல்களுக்கு நடுவில் எங்கள் கோயில் கமிட்டி ஐந்து ஏக்கர் வாங்கியிருந்தது. நான் கமிட்டியின் செயலாளர். வயிற்றுப் பிழைப்புக்கு ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. நிலத்தோடு வந்த பழைய கிணற்றில் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார், நீங்கள் வந்தீர்கள். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் கொட்டியது. போகும்போது கார்டு கொடுத்தீர்கள். ஒரு பக்கம் பம்ப் ரிப்பேர் என்று இருந்தது. திருப்பினால், மாநிலச் சட்டசபை உறுப்பினர்.

ஏதோ வேடிக்கைக்கு அடித்த கார்டு என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸ் டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினீர்கள். பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் உங்கள் இழுவை எனக்கு எப்போதுமே எங்கள் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சாகத்தான் காதில் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

“சட்டசபை ரண்டு வருசத்துக்கு ஒருக்கா, அஞ்சு மாசந்தான் கூடுமுங்க. மிச்ச நாளைக்கு எனக்குப் பம்ப்புத்தான் சோறு போடுது.”

“அங்க போய் என்ன பண்ணுவீங்க?”

“வேண்டாம்னு சொல்லுவேனுங்க. மேசையில பச்சைப் பொத்தான் ஒண்ணு, சிவப்புப் பொத்தான் ஒண்ணு இருக்குது. பச்சை இன்னும் புதுசு மாதிரியே இருக்குதுங்க.”

ஓட்டுக் கேட்டு வருகிறவர் பாலம் கட்டுவேன், வேலை வாங்கித் தருவேன் என்று சொல்லித்தான் நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எதிராளியைப் பார்த்து ‘சும்மா விடமாட்டேன்’ என்று கர்ஜித்தால் கைதட்டலும் வாங்குவார். நீங்களோ சும்மா விடுவேன் என்று சொல்லியே ஜெயித்திருக்கிறீர்கள்! தொண்ணூறில் முதல் தடவை நின்றபோது, மாட்டுத் தீவனக் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, “நான் உங்களுக்கு ஒண்ணுமே பண்ண மாட்டேன், உங்களை யாரும் ஒண்ணும் பண்ணவும் விடமாட்டேன்” என்றீர்களாம். ஜோக் என்று சிரித்தவர்கள் ஓட்டும் போட்டுவிட்டார்கள்.

ஒரு பெரிய கட்சியின் சீட்டில் நின்றீர்கள், ஆனால் அந்தக் கட்சிக்கு நீங்கள் அடங்கவில்லை. செய்தித்தாள்கள் உங்களை லிபர்ட்டேரியன் என்று எழுதின. அரசாங்கம் யார் வாழ்க்கையிலும் மூக்கை நுழைக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று நீங்கள் அதற்கு அர்த்தம் சொன்னீர்கள். புது வரிக்குச் சிவப்பு. போலீசுக்குப் புது அதிகாரம் என்றால் அதற்கும் சிவப்பு. நெல் விவசாயிகளுக்கு உதவித்தொகை என்று வந்தபோதும் சிவப்பைத்தான் அழுத்தினீர்கள். நெல் விளைவிக்கும் உங்கள் சொந்த அண்ணன் ஒரு வருடம் உங்களோடு பேசவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இந்த ஆள் இத்தோடு காலி என்றார்கள், ஒவ்வொரு தடவையும் தட்டுத்தடுமாறி ஜெயித்து வந்தீர்கள். பள்ளிக்கூடப் பணத்துக்கு நீங்கள் சிவப்பை அழுத்தியது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. என்னைப் படிக்க வைத்தது அரசுப் பள்ளி. உங்களோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டைகளுக்காக மட்டும் எனக்கு வெட்கம் இல்லை.

கார்டைக் கமிட்டித் தலைவர் வேலுச்சாமி அண்ணனிடம் காட்டியதும் அவர் துள்ளிக் குதித்தார். “எம்.எல்.ஏ.வா? இத முன்னாலயே சொல்றதில்லையா? ரோடு கேட்டு ஒரு பெட்டிஷன் ரெடி பண்ணு!”

எங்களுக்குத் தெரிந்த முறைப்படி வந்தோம். ஜரிகை போட்ட பொன்னாடை, பழத்தட்டு, கையில் கொடுக்க ஓர் எலுமிச்சம்பழம், பெட்டிஷன் மூன்று காப்பி. நீங்கள் எலுமிச்சம்பழத்தை அப்போதே வெட்டி டீயில் பிழிந்துகொண்டீர்கள். அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டேன். பொன்னாடையை, வெயிலுக்கு நல்லது என்று தலையில் போட்டுக்கொண்டீர்கள். பெட்டிஷனைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினீர்கள்.

“உங்களுக்கு ரோடு போடோணும்னா இன்னொருத்தரு பாக்கெட்டுல கை வெக்கோணுமுங்க. அதுக்கு நான் ஆளில்லை. ஆனா உங்க எடத்துல நீங்க எதையோ கட்டறப்ப எவனாச்சும் வந்து கூடாதுன்னு சொன்னா, அப்பக் கூப்புடுங்க.”

“பிழைக்கத் தெரியாத மனுஷன்யா” என்றார் அண்ணன், காரில் ஏறியதும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வார்த்தை வந்தது அதற்குப் பிறகு ஒரு நாள். கிணற்றடியில் பேசிவிட்டுக் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில், “ஓகே, ஐ வில் கம்” என்றேன். நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காத்து நின்றீர்கள். நானும் நின்றேன். எப்போது வருவீர்கள், எங்கே என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார், திரும்ப வருவதாகச் சொல்லித்தான் போவார், ‘வர்றேன்’ என்றால் கிளம்புகிறேன் என்று பொருள் என்று விளக்கினேன். உங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“சொன்னவருக்கு என்ன பதில் சொல்லோணும்?”

“வாங்க. அவ்வளவுதான்.”

வர்ரேன், வாங்க, வர்ரேன், வாங்க என்று வண்டி கிளம்பும் வரை சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு எத்தனை முறை சந்தித்தோமோ அத்தனை முறையும் அதைச் சொன்னீர்கள். நானும் பதில் சொன்னேன். ஒரு முறை தவிர.

தொண்ணூற்றெட்டில் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டியதும் சுற்றியிருந்தவர்கள் கிளம்பினார்கள். டிராஃபிக் கூடும், மழைத்தண்ணீர் வடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதாத காரணத்தைத் தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள். எந்த இடத்தில் எந்தக் கட்டடம் வரலாம் என்று சொல்ல கவுன்ட்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டத்தை அவர்களுடைய பிரதிநிதியான நீங்கள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அடுத்த வருடக் கூட்டத்தொடர் முழுக்க உங்களைப் பிடுங்கி எடுத்தார்கள். நீங்கள் மறுத்தீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள். எங்களில் ஒருவருக்கும் உங்கள் தொகுதியில் ஓட்டு இல்லை.

சட்டசபை முடிந்து ஊருக்கு வந்ததும் அவர்களை நேரிலேயே சந்திக்கிறேன் என்று தீயணைப்பு நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தீர்கள். அதற்கு முந்திய வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து சுமதி கொடுத்த காப்பியை இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தீர்கள்.

“ஒரு பத்துப் பேரு வாங்க. பேச வேண்டியதில்லீங்க, சும்மா வந்து உக்காந்தாப் போதும். அங்க இருக்கறவிய யாரும் உங்களப் பக்கத்துல பாத்ததே இல்ல. மூஞ்சியப் பாத்துட்டா பாதிப் பேருக்குக் கோவம் எறங்கிப்போகும். முன்னால பத்துச் சேர் போட்டு வெக்கறேன்.”

வாசல்வரை வந்து வழியனுப்பினேன். “சனிக்கிழமை, பத்து மணி. ஐ வில் கம்” என்றேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை போனிலேயே கமிட்டி கூடியது. “எனக்கு கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்ல இருக்கு, யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நான் ஆபீஸ்ல என்ன சொல்றது?” என்றார் ஒருவர். “எலெக்ஷன் அவருக்குத்தான வருது, நாம ஏன் போய் சப்போர்ட் பண்ணணும்?” என்றார் இன்னொருவர். “நமக்கு எதுக்குப்பா வம்பு” என்று வேலுச்சாமி அண்ணன் முடித்து வைத்தார். யாரும் போக வேண்டாம் என்று முடிவானதாக மினிட்ஸ் புத்தகத்தில் நான்தான் என் கையெழுத்தில் எழுதினேன். எனக்கு கிரீன் கார்டு வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. என்னிடம் அந்தச் சாக்கும் இல்லை.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாது. சுமதிக்கும் தெரியாது. நான் வந்தேன்.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே, தீவனக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். புழுக்கத்துக்காக ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டிருந்தீர்கள், அதனால் உள்ளே எல்லாமே தெரிந்தது. முன்வரிசையில் பத்து இரும்பு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் டேப் போட்டு ஒட்டிய காகிதம். முதல் நாற்காலியின் முதுகில் நாங்கள் உங்களுக்குப் போர்த்திய பொன்னாடை. ஜரிகை ரோட்டுவரை மின்னியது.

கதவைத் திறக்கக் கைப்பிடியில் கை வைத்தேன். பிக்கப் வண்டிகள் வந்து நின்றபடியே இருந்தன. பின்வரிசைகள் நிரம்பி, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து பேச ஆரம்பித்தீர்கள். நடுவில் ஒருவர் அந்த நாற்காலிகளைக் கை நீட்டிக் காட்டி ஏதோ கேட்டார், கூட்டம் சிரித்தது. நீங்கள் திரும்பி ரோட்டைப் பார்த்தீர்கள். நான் சீட்டில் சரிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டேன். முப்பத்தாறு வயது ஆள், இரண்டு டிகிரி வாங்கியவன், ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர். அப்படியே நாற்பது நிமிடம் கிடந்துவிட்டு, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“பாலுக்கா இவ்வளவு நேரம்?” என்றாள் சுமதி.

“டிராஃபிக்” என்றேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன் செய்தீர்கள். நீங்கள் திட்டுவதற்குத் தயாராக ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“தப்பு என்ர பேருலதானுங்க. நீங்க வர்றேன்னு சொன்னதை நெசமாலுமே வர்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். உங்க ஊருல அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் அப்பவே சொல்லிக் குடுத்தீங்களே.”

“ஆமா சார், ஸ்மால் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்” என்றேன் நான்.

அந்த வார்த்தையைக் கிளம்புகிறவர்தான் சொல்வார். அன்றைக்குக் கிளம்பியவர் நீங்கள். நான் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கிழமையும் மணியும் வேறு சொல்லியிருந்தேன். மூன்று வருடமாக அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் மட்டுமே பயன்படுத்திய உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நான் தலைநிமிர்ந்து பேசுவதற்காக ஒரு பொய்யைத் தயார் செய்து என் கையில் கொடுத்தீர்கள். நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பத்து நாற்காலிகளையும் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். இரண்டாயிரத்தில், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், உங்களை எதிர்த்து நின்றவர் அதைத் துண்டறிக்கையாக அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். ‘இவர் யாருக்காக உங்களோடு சண்டை போடுகிறாரோ, அவர்களே இவருக்காக வரவில்லை.’ அந்த ஜனவரியில்தான் இந்தப் பலகையை என் வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு ஓட்டு இல்லை என்று தெரியும், கோயில் நிலத்தில் வேலியோரமாக நட்டால் போதும் என்று ஒரு சீட்டு. கமிட்டியில் கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. நித்யாவின் கட்டிலுக்குப் பின்னால் சொருகினேன். மார்ச்சில் தோற்றுப்போனீர்கள். பத்து வருடம் எங்களைப் போன்றவர்களைச் சும்மா விடச் சொல்லிப் போராடியவரை நாங்கள் தனியாக விட்டோம்.

நீங்கள் கொண்டுவர மறுத்த சட்டம் அப்புறமும் வரவில்லை, கோயில் எழும்பிவிட்டது. இந்த வருடம் கும்பாபிஷேகம். அழைப்பிதழை டைப் செய்தவன் நான். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? தெரியும், நீங்கள்தான் நேரில் பார்த்தீர்களே. துண்டறிக்கை அடித்தவர். “இப்ப சீட்ல இருக்கறவரத்தான கூப்பிடணும்?” என்றார் வேலுச்சாமி அண்ணன். ரோடு பெட்டிஷன் அப்படியே பத்திரமாக இருந்தது, தேதியை மட்டும் மாற்றினோம். உங்களுக்கு அழைப்பு அனுப்பவில்லை.

நீங்கள் வந்தீர்கள். செருப்புக் குவியலுக்கு நடுவில் உங்கள் பூட்ஸ் நின்றது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் பக்கம் கிழிந்த சாக்ஸோடு கடைசி வரிசையில் நின்றீர்கள். புது உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், தட்டைப் பிடித்திருந்தவன் நான். சாப்பாட்டு நேரத்தில் காகிதத் தட்டில் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு போய், நீங்கள் மோட்டார் மாட்டிய கிணற்றடித் திட்டில் தனியாக உட்கார்ந்தீர்கள்.

நிலத்தைச் சுற்றிக் காட்ட நான் புது உறுப்பினரை அந்தப் பக்கமாகவே அழைத்துவந்தேன். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டினீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

“வர்ரேன்” என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மூன்று வினாடி அப்படியே நின்றுவிட்டு நடந்தீர்கள்.

“அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர்.

“தெரியவில்லை சார்” என்றேன்.

ஜூன் மாதம் மாரடைப்பு என்று செய்தி வந்தது. சர்ச்சுக்கு வந்தேன், கடைசி வரிசை. வெளியே உங்கள் மனைவி என்னை அடையாளம் கண்டுபிடித்து அருகில் வந்தார். சட்டசபை கூடும் ஆஸ்டினுக்குக் கிளம்பும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்கள் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்வீர்களாம், அவர் ‘வாங்க’ என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுப்பீர்களாம்.

“கோயில் திறந்த அன்னிக்கும் உங்ககிட்டச் சொன்னாராமா. திருப்பிப் பதில் சொன்னாங்களான்னு கேட்டேன். அவருக்குப் பக்கத்துல விருந்தாளி இருந்தாரு, பாவம்னாரு.”

மறுபடியும் ஒரு சாக்கு, எனக்காக, நான் கேட்காமலே. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் வழக்கப்படி வர்றேன் என்று சொல்லக் கூடாது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காருக்குப் போனேன்.

இதுவரை நேற்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் எழுதியது. பலகையை நாளைக்கு நடுகிறேன் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டு நிறுத்திவிட்டேன். நான் வருகிறேன், செய்கிறேன் என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். நட்டுவிட்டு வந்து இன்று மாலை மிச்சத்தை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கோயில் வேலியோரமாக, புதிதாகப் போட்ட ரோட்டைப் பார்த்து நட்டேன். கம்பி நேராக இறங்கவில்லை, கல்லால் தட்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் வேலுச்சாமி அண்ணனிடமிருந்து போன்.

“யாருப்பா அங்க போர்டு வெச்சது? செத்துப்போனவர் போர்டு. அந்தப் புது ஆளு பார்த்தா என்ன நினைப்பாரு?”

“நான்தாண்ணே வெச்சேன்.”

கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்றார். எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்க மாட்டேன் என்று சொல்லும் எண்ணத்தில்தான் இருக்கிறேன். தேர்தலும் முடிந்து, ஆளும் போன பிறகு வரும் துணிச்சல் இது. இதை வைத்து நான் நல்லவனாகிவிட முடியாது.

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் இப்போதெல்லாம் அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. நான் பேசாமல் செருப்பை மாட்டுவதைப் பார்த்து, என்ன கோபமா என்று கேட்கிறார்கள். சுமதிதான் எனக்கும் சேர்த்துச் சொல்லி விடைபெறுகிறாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பலகையை நட்டதும் கிணற்றடிக்குப் போனேன். நீங்கள் உட்கார்ந்த திட்டுக்கு எதிரே நின்று, நீங்கள் அன்றைக்கு வாங்காமல் போன பதிலைச் சொன்னேன். போயிட்டு வாங்க. வாய்விட்டுத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.